எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது: வேன் ஓட்ட வருகிறவர்களுக்குப் பதினொரு அறிவுரைகள்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் சென்னை நந்தனத்துத் தெருக்களில் விடியற்காலை மூன்று மணிக்கே டெம்போ டிராவலர்கள் வந்து நிற்கும். திருப்பதி, வேளாங்கண்ணி, ஊட்டி, குலதெய்வம் கோயில் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திசை. கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வண்டி நகரும். வண்டி வாங்கிய அன்றே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் பூஜையும் போட்டிருப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பழம் வைக்கக் குனிகிறவர்களில் டயரையும் ஒரு பார்வை பார்க்கிறவர்கள் குறைவு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளும், கேம்பர் கட்டி ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற ஆசைப்படும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. டயர் வெடித்தால் விதி என்று சொல்லாதீர்கள். 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு கார், டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்து, உள்ளே இருந்த ஒருவர் இறந்துபோனார். இது தெய்வச் செயல், இழப்பீடு தரவேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பது மனித அலட்சியம் என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பொறுப்பு வண்டிக்காரர் தலையில்தான்.

2. வெடிக்க வைப்பது சூடு. சூட்டை உண்டாக்குவது காற்றுக் குறைவு. காற்று நிறைய இருந்தால்தான் வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் சுடுமே, அதே கதைதான். சூடேறிய ரப்பர் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையை விட்டு விலகும். பிறகு ஒரே நொடியில் கிழியும். அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டியவை. மேல்பட்டை கழன்று வண்டிகள் உருண்டன. விபத்துகள் குவிந்தது வெயில் அதிகமுள்ள மாநிலங்களில். டயரின் குறை, குறைவான காற்று, வேகம், வெயில் நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தை நினைத்துப் பாருங்கள்.

3. காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். எவ்வளவு பவுண்டு என்பதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அங்குள்ள ஸ்டிக்கரில் படியுங்கள். ஆள் ஏறினால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் இருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதுவே உங்கள் வேனுக்கு வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மதியம் விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தி அளந்தால் சில பவுண்டு கூடத்தான் காட்டும். சூட்டில் அது இயல்பு. பயந்துபோய் அதைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை குறைந்த காற்றோடுதான் கிளம்புவீர்கள்.

4. பின்னால் இரட்டை டயர் என்றால் உள் டயரை நம்பாதீர்கள். அதில் காற்று போனாலும் வெளி டயர் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய லாரி டிரைவர்கள் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல டயர் தடியைத் துள்ள வைக்கும். காற்றில்லாதது மந்தமாகச் சத்தம் தரும். தட்டினதும் நிறுத்தாமல் மீட்டர் வைத்தும் அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

5. டயரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள். திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் டயர் செய்கிற ஊர்க்காரர்கள் நாம். அதன் பிறந்த தேதி தெரியாமல் இருக்கக் கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டினால், மேல்வரியான பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுவதுதான் புத்தி. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் மேல்பரப்போடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. பக்கச்சுவரில் எங்காவது வீங்கியிருந்தால் அதைப் பஞ்சர் கடையில் சரி செய்ய முடியாது. ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் மாட்டவே மாட்டாதீர்கள்.

6. சுமையை எண்ணுங்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் புத்தகக் காட்சிச் சரக்கு வருவதை நின்று பாருங்கள். பாதி நிரம்பிய குட்டியானை வண்டி கூடப் பின்பக்கம் அமுங்கித்தான் நிற்கும். காகிதம் பார்வைக்குச் சிறிது, எடைக்குப் பெரிது. யாத்திரை வேனிலும் அதுவே நடக்கிறது. பன்னிரண்டு சீட்டில் பதினாறு பேர், மேலே கேரியரில் அரிசி மூட்டை, பாத்திரம், தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர். டயரில் போட்டிருக்கும் சுமை எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 91 என்றால் அந்த ஒரு டயர் தாங்குவது 615 கிலோ, அதுவும் காற்று சரியாக இருந்தால்.

7. இழுத்துச் செல்லும் வண்டிக்குத் தனிக் கணக்கு. ஷூட்டிங் கேரவனானாலும் உங்கள் சொந்த கேம்பரானாலும் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். அதன் டயர் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் காய்ந்து, வெடிப்பு விட்டுச் சாகிறது. பட்டன் புதிதாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்னால் டயர் போனது ஸ்டீயரிங்கில் தெரியாமலே போகலாம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். பாரம் அச்சுக்கு முன்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பின்பக்கம் கூடினால் வால் ஆடும். ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் இருந்து ஒன்று வெடித்தால், மற்றதன்மேல் அத்தனை பாரமும் ஏறியிருக்கும். மாற்றும்போது அதையும் சோதியுங்கள்.

8. வெடித்த நொடியில் பிரேக்கை மிதிக்காதீர்கள். கால் தானாக அங்கேதான் போகும். அதனால்தான் இதை இன்றே மனத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். முன் டயர் போனால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின் டயர் போனால் பின்பக்கம் அலையும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கி நேராகப் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாக நன்றாகக் குறைந்த பிறகு, இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டு இடது ஓரம் போங்கள். வளைவிலோ பாலத்திலோ நிற்பதைவிட, ரிம் கெட்டாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டிக்கொண்டு நல்ல இடம் வரை போய்விடுவது மேல்.

9. நின்ற பிறகுதான் பெரிய ஆபத்து. 2023 செப்டம்பர் 11 அன்று, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, கர்நாடகச் சுற்றுலா முடிந்து ஆம்பூர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த வேன் ஒன்று பஞ்சராகித் தேசிய நெடுஞ்சாலையில் நின்றது. விடியாத நேரம். இறங்கியவர்களில் பலர் வேனுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் அவர்கள்மேல் ஏறியது. 7 பெண்கள் இறந்தார்கள். டயர் அவர்களைக் கொல்லவில்லை. உட்கார்ந்த இடம் கொன்றது. ஆகவே நிறுத்தியதும் அபாய விளக்கு. எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, சாலையோரத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம். வண்டிக்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், நடுத் தடுப்பில் உட்காரவே வேண்டாம். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள். இரவென்றால் இன்னும் தள்ளி. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இதைக் கிளம்பும்போதே, பயணிகள் தூங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள். நடுராத்திரி நெடுஞ்சாலையில் சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது.

10. ஸ்டெப்னியை மறக்காதீர்கள். மற்ற டயர்களுக்குக் காற்றடிக்கும்போது அதற்கும் அடியுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை வண்டியில் கிடக்கட்டும். நட்டுகளை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே தளர்த்துங்கள். இறுக்கும்போது எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்குங்கள். போக்குவரத்து வண்டிக்கு வலப் பக்கமாகப் பாய்கிறதென்றால் அந்தப் பக்கச் சக்கரத்தைச் சாலையில் குந்திக் கழற்றாதீர்கள். உதவி வரும்வரை காத்திருங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்படியே விட்டுப்போன கல்லில் பின்னால் பைக்கில் வரும் பையன் விழுவான்.

11. வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். தரிசன டிக்கெட்டுக்கு நேரமாச்சு, விரட்டுங்க என்று பெரியவர்கள் பின்சீட்டிலிருந்து சொல்வார்கள். பணிவாகச் சிரித்துக்கொண்டு 80ஐத் தாண்டாமல் போங்கள். முதலாளி விஷயம் கொஞ்சம் கடினம். இந்த ஒரு டிரிப் ஓட்டிட்டு வா, வந்ததும் டயர் மாத்திடலாம் என்பார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் தவணை இருக்கிறது. ஆனால் பக்கச்சுவர் வீங்கிய டயருக்கு அந்தத் தவணை தெரியாது. வீக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள், மாற்றித் தந்தால் எடுக்கிறேன் என்று எழுதுங்கள். மாற்றவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நல்ல டிரைவருக்குச் சென்னையில் வேறு வண்டி கிடைக்கும்.