சட்டைப்பைக் குரோனோகிராப்பும் ஆகாய விமானமும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் பலருள், குரோனோகிராப் எனப்படும் சட்டைப்பைக் கடிகாரங்களை நாடுவோர் சிலரே. மணி காட்டுவதோடு அமையாது, தனியான ஒரு விநாடிமுள்ளை வேண்டும்போது ஓடவிட்டும், நிறுத்தியும், மீளப் பூஜ்யத்திற் கொணர்ந்தும் காலத்தை அளக்கவல்லது இக்கடிகாரம்.

இது தொடக்கக் காலத்தில் உதவிய துறைகளுள் குதிரைப் பந்தயமும் ஒன்று. 1821-இல் பாரிஸ் நகரத்து ரியூசெக் என்பார், ஓடும் முகப்பின்மீது மைப்புள்ளி இடும் கருவியொன்றை இயற்றினார். முள்ளை இதயவடிவத் தகட்டால் பூஜ்யத்துக்குத் திருப்பும் உபாயம் பின்னரே தோன்றியது. இதயவடிவான சிறு தகடொன்றின்மேல் சுத்தியல் போன்ற நெம்புகோல் வந்து தாக்கும். தாக்கவே, தகடு எப்பக்கம் நோக்கி நின்றிருப்பினும் ஒரே நிலைக்குச் சுழன்று திரும்பிவிடும். பின்மூடியைத் திறந்து இதனை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார்.

1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர் பறந்த விமானத்தில் காற்றளவி, யந்திரச் சுழற்சியை எண்ணும் கருவி, நிறுத்துகடிகாரம் ஆகிய மூன்றும் இருந்தன. நிறுத்துகடிகாரம் மணி காட்டாது. குரோனோகிராப்பின் உடன்பிறப்பு எனலாம். முதற் பறப்பு 120 அடி. காலம் ஏறக்குறைய 12 விநாடி. கடிகாரம் உடனே நிறுத்தப்படாமையால் காலம் திட்டமாகத் தெரியவில்லை என ஆர்வில் ரைட் தம் நாட்குறிப்பிற் குறித்துள்ளார். விநாடிக்கு 10 அடி வேகம் என்றால் மெல்ல ஓடுபவனது வேகமே அன்றோ? ஆயின் எதிர்காற்றின் வேகம் விநாடிக்கு 35 அடிக்கு மேல். இரண்டையும் கூட்டின், காற்றை நோக்க விமானத்தின் வேகம் 45 அடி. அமைதியான காற்றில் 540 அடி பறந்ததற்கு அது சமம். காலக்கணக்கு இல்லையேல் அச்செயலின் பெருமை விளங்கியிராது.

விநாடிகளால் வழக்கு எழுந்ததும் உண்டு. 1901 அக்டோபர் 19-இல் சாந்தோஸ் துமோன் தம் ஆகாயக் கப்பலில் ஈபில் கோபுரத்தைச் சுற்றி மீண்டார். 30 நிமிஷத்துள் மீள்வோர்க்குப் பரிசு 1,00,000 பிராங்கு. அவர் எல்லைக் கோட்டைக் கடந்தது 29 நிமிஷம் 30 விநாடியில். தரையில் நின்றோர் கயிற்றைப் பற்றியபோதோ 30 நிமிஷம் 40 விநாடி. எதனை முடிவாகக் கொள்வது? நடுவர் நெடிது வாதிட்டு இறுதியிற் பரிசை அவர்க்கே அளித்தனர். அதில் பெரும்பகுதியை அவர் ஏழைகளுக்கு ஈந்தார். சுக்கான் பிடித்த கையால் சட்டைப்பையைத் துழாவுதல் அரிதென்று அவர் முறையிட்டமையாலேயே, 1904-இல் லூயி கார்த்தியே அவர்க்கு மணிக்கட்டுக் கடிகாரம் சமைத்தார் என்பர்.

1909 ஜூலை 30-இல் அமெரிக்க ராணுவம் ரைட் விமானத்தைச் சோதித்தது. விலை 25,000 டாலர். 40 மைலுக்கு மேற்படும் ஒவ்வொரு மைல் வேகத்துக்கும் 2,500 டாலர் மிகை. மணிக்கு 42½ மைல் என அளந்தமையால் 30,000 டாலர் கிடைத்தது!

இவ்வரலாற்றை அறிந்த வணிகர், எக்கடிகாரத்தையும் விமானியினது என்று விலைகூறுவர். பொறிப்பும் எழுத்துச்சான்றும் இன்றி அதனை நம்பலாகாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானக் கருவிப்பலகையில் பொருத்திய 'மார்க் 5' கடிகாரம் மெய்யாகவே பறந்த வகையினது. எனினும் அது குரோனோகிராப் அன்று. குரோனோகிராப்பை வாங்குமுன் பலமுறை அழுத்திப் பார்த்து, முள் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தின் நேரே நிற்கின்றதா என்று நோக்குக. திருகாணித் தலைகள் சிதைந்திருப்பின் பழகாத கை பட்டதென்று அறியலாம். முட்களில் ரேடியப் பூச்சு இருப்பின் கண்ணாடியைக் கழற்றுதல் ஆகாது. ஒளி மங்கினும் கதிர்வீச்சு மங்காது, ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டு வேண்டும்.