சைக்கிள் விபத்துகள்: எங்கே, எப்படி நேர்கின்றன?

ஊரில் சைக்கிள் ஓடித் திரிந்த நாம், இங்கு லண்டனில் பெரும்பாலும் காரில்தான் போகிறோம். சைக்கிளில் பாடசாலைக்குப் போவது நமது பிள்ளைகள். ஆகவே இந்த விடயத்தை இரு பக்கத்திலிருந்தும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் சைக்கிளோட்டிகள் காயமடையும் விபத்துகளில் பெரும்பாலானவை சந்திகளிலோ அவற்றுக்கு அருகிலோ நடக்கின்றன. அடிக்கடி நேரும் சந்தர்ப்பங்கள் இவை:

1. பக்கத் தெருவிலிருந்து வெளிவரும் கார்: சாரதி வேறு கார் வருகிறதா என்றே பார்க்கிறார். முன்கண்ணாடியின் ஓரச் சட்டமே ஒரு சைக்கிளை மறைத்துவிடும். தலையைச் சற்று அசைத்து இரண்டாம் முறையும் பாருங்கள்.

2. இடப்பக்கம் திரும்பும் வாகனம்: நேரே செல்லும் சைக்கிளுக்குக் குறுக்கே திரும்பக் கூடாது என்பதை 2022 ஜனவரி 29இல் நடைமுறைக்கு வந்த ஹைவே கோட் திருத்தம் வலியுறுத்துகிறது. லொறியின் இடப்பக்கத்தில் சாரதிக்குத் தெரியாத பகுதி உண்டு. சந்தியில் நிற்கும் லொறியின் இடப்பக்கத்தால் முன்னே போகவேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

3. திடீரெனத் திறக்கும் கார்க் கதவு: சாரதி இடக்கையால் கதவைத் திறந்தால் உடல் தானாகவே பின்பக்கம் திரும்பும், வரும் சைக்கிள் கண்ணில் படும்.

4. இருட்டு: குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்கிறது. இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவதுண்டு. தலையில் அடிபட்டவருக்கு நினைவு தவறினால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தால் உடனே 999ஐ அழையுங்கள். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் பிள்ளைகள் அணியட்டும்.

பலர் அறியாத ஒன்று: ஹாண்டில் வயிற்றில் குத்தினால் வெளியே சிறிய கண்டல் மட்டுமே தெரியலாம், உள்ளே ஈரலோ மண்ணீரலோ காயப்பட்டிருக்கலாம். பிள்ளை வயிற்றுவலி என்று சொன்னால் “விழுந்த நோதானே” என்று விட்டுவிடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்த வார இறுதியில் பிள்ளையுடன் பாடசாலைப் பாதையை ஒருமுறை நடந்து பார்ப்போம். எந்தச் சந்தியில் நிதானிக்க வேண்டும் என்பதை அங்கேயே நின்று காட்டிக் கொடுப்போம்.