அரை அடுக்கு என்றால் பாதி அல்ல

ஒன்பதாம் வகுப்பில் பின்ன அடுக்குகள் வந்ததும், அதுவரை கணக்கில் கெட்டியாக இருந்த பிள்ளைகளும் தடுமாறுவது உண்டு. புதிய விதி என்று நினைத்து மனப்பாடம் செய்தால் அப்படித்தான் ஆகும். உண்மையில், அடிமானம் ஒன்றாக இருந்தால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு என்ற பழைய விதிதான் இங்கேயும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம்பிக்கை: 16^(1/2) என்பது 16-இல் பாதி, அதாவது 8.

உண்மை: விடை 4. 16^(1/2)-ஐ அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். அடுக்குகள் 1/2 + 1/2 = 1 ஆகின்றன; கிடைப்பது 16. தன்னோடு தானே பெருக்கினால் 16 தரும் மிகை எண் 4, அதுதான் வர்க்கமூலம். இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகும் எண் ஒன்று உண்டு. 4-இன் வர்க்கமூலமும் 2, பாதியும் 2. ஆகவே ஆசிரியர்களே, முதல் எடுத்துக்காட்டாக 4-ஐ எழுதாதீர்கள்; 9-ஐ எழுதுங்கள்.

நம்பிக்கை: 64^(2/3) என்றால் முதலில் வர்க்கம், பிறகுதான் மூலம்.

உண்மை: எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே. பின்னத்தின் பகுதி எத்தனையாவது மூலம் என்கிறது. தொகுதி எந்த அடுக்கு என்கிறது. 64-ஐ வர்க்கப்படுத்தினால் 4096. அதன் கனமூலம் 16. முதலில் கனமூலம் கண்டால் 4. அதன் வர்க்கம் அதே 16. மூலத்தை முதலில் எடுத்தால் மனக்கணக்கே போதும்.

நம்பிக்கை: இந்த விதி எந்த எண்ணுக்கும் பொருந்தும்.

உண்மை: அடிமானம் மிகை எண்ணாக இருக்கும்வரை கவலை இல்லை. −8-இன் கனமூலம், அதாவது அதன் 1/3 அடுக்கு, −2. 1/3-ஐ 2/6 என்று எழுதினாலும் மதிப்பு மாறக் கூடாது. ஆனால் −8-ஐ வர்க்கப்படுத்தி, வரும் 64-க்கு ஆறாம் படி மூலம் கண்டால் +2 கிடைக்கிறது. ஒரே பின்னத்துக்கு இரண்டு விடைகள்! அடிமானம் பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்காகத்தான். பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் அந்த வரி இல்லாவிட்டால் விதி நிற்காது.

நம்பிக்கை: தேர்வுக்கு வெளியே இதற்குப் பயன் இல்லை.

உண்மை: 1619-இல் கெப்ளர் வெளியிட்ட கோள்களின் மூன்றாம் விதியே 3/2 அடுக்கில்தான் அடங்கியிருக்கிறது. சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தொலைவை 1 என்று வைத்தால் வியாழனின் தொலைவு 5.2. அந்த எண்ணின் 3/2 அடுக்கே, வியாழன் சூரியனைச் சுற்றிவர ஆகும் ஆண்டுகள். 3/2 என்பது 1 + 1/2, எனவே 5.2-ஐ அதன் வர்க்கமூலமான 2.28-ஆல் பெருக்கினால் போதும். ஏறத்தாழ 11.86 ஆண்டுகள். கும்பகோணத்தில் மகாமகம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதும் இந்தச் சுற்றை ஒட்டித்தான். இத்தனைக்கும் நாம் பயன்படுத்தியது அடுக்குகளைக் கூட்டும் அந்த ஒரே விதி.