ஏலக்காய்க்குத் தனித் தராசு வேண்டுமா?

அரிசி, பருப்பு நிறுக்க 30 கிலோ மின்னணுத் தராசு இருக்கையில், ஏலம், கிராம்புக்கென்று சிறு தராசு எதற்கு என்று வணிக நண்பர்கள் நம்மிடம் கேட்கின்றனர். அந்தப் பெரிய தராசு பெரும்பாலும் 5 கிராம் படியாகவே காட்டும். 100 கிராமுக்குக் கீழ் அதில் நிறுப்பதே முறையல்ல. 50 கிராம் ஏலத்தில் ஏறக்குறைய இரண்டரை கிராம் கூடினாலும் எண் மாறாது. கிலோ 2,000 ரூபாய் என்றால், பொட்டலத்துக்குச் சுமார் 5 ரூபாய் போயிற்று. எடை குறைந்துவிடக் கூடாதென்று நம் கை தாராளமாகத்தான் போகும்!

தினமும் பத்துப் பொட்டலமாவது மடிக்கும் கடைக்கு அரை கிராம் காட்டும் 2 கிலோ தராசு அவசியம். நகைக்கடைத் தராசு வேண்டாம். பாக்கெட் மசாலா மட்டும் விற்போருக்கு வீண் செலவே. வாங்குமுன் எடையளவு ஆய்வாளர் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை உண்டு. இரண்டாவது தராசுக்கும் அந்தக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவும்.