அந்த மேட்டை அழித்துவிடாதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய வரைபடம் இரண்டு நாளாக என் மேசைமேல் கிடக்கிறது. பொங்கியெழுந்த ஒரு குறுநோவா. எண்பது நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி சற்றே ஏறி இறங்குகிறது. ‘கேமரா கோளாறாக இருக்கும், சராசரி எடுத்து நேராக்கிவிடட்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயையோ, வேண்டாம்!

அதே படங்களில் பக்கத்திலிருக்கும் மாறாத விண்மீன்கள் இரண்டை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்து பாருங்கள். அந்தக் கோடும் நெளிந்தால் பழி மேகத்துக்கோ கருவிக்கோ போகட்டும். (மெல்லிய மேகத்தை நம்பி விடியவிடியக் குதூகலித்தவன் நான்.) அது நேராக இருந்தால், நீங்கள் பிடித்திருப்பது சூப்பர்ஹம்ப்பாக இருக்கலாம்.

அது என்னவென்று ஒரு குறுநோவாவை வைத்தே சொல்கிறேன். திருவோண விண்மீனுக்கு வடக்கே, சற்றுக் கிழக்காக, கையை நீட்டினால் ஒரு முஷ்டி தூரத்தில் டபிள்யூ இசட் சஜிட்டே இருக்கிறது. வெண்குள்ளன் ஒன்றும் சிறு துணை விண்மீன் ஒன்றும் 81.6 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஜோடி. துணையிடமிருந்து வழியும் வாயு வெண்குள்ளனைச் சுற்றித் தட்டாகச் சேர்கிறது. ஒருநாள் சூடேறிப் பொங்குகிறது. 1913, 1946, 1978 என்று பொங்கியதால் அடுத்தது 2011 வாக்கில் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அது 2001 ஜூலையிலேயே எழுந்துவிட்டது. ஒளித்தரம் 15 அளவில் கிடந்தது, பைனாகுலருக்கே எட்டும்படி 8ஐ நெருங்கியது.

முதல் பன்னிரண்டு நாள் போல ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. பிறகு ஒற்றை மேடு, ஆனால் 82.4 நிமிடத்துக்கு ஒருமுறை. இதுதான் சூப்பர்ஹம்ப். இந்த முக்கால் நிமிடம் எங்கிருந்து வந்தது? பொங்கிய தட்டு விரிந்து, துணையின் இழுப்பில் வட்டம் கெட்டு நீள்வட்டமாகிவிடுகிறது. அந்த நீள்வட்டமும் மெல்லத் திரும்புகிறது. கடிகாரத்தில் நிமிட முள் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் மணி முள் கொஞ்சம் நகர்ந்துவிடுமே, அதுபோல. துணை விண்மீன் ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் நீண்ட பக்கத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முக்கால் நிமிடத்தை ஒரே இரவில் பிடிப்பது சிரமம். ஆனால் ஒரு நாளில் பதினேழு சுற்றுக்கு மேல் ஓடுகிறது. மறுநாள் பார்த்தால் மேடு, சுற்றுக்கணக்கைவிடப் பதின்மூன்று நிமிடம் பிந்தி நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், தொடர்ந்து மூன்று இரவாவது எடுங்கள். சுற்றுக்கு ஒரு மேடா இரண்டா என்றும் கவனியுங்கள். கணினியின் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். நேரம் தப்பினால் அத்தனை உழைப்பும் வீண்.

மங்கிவிட்டதே என்று முக்காலியை மடித்து வைத்துவிடவும் வேண்டாம். டபிள்யூ இசட் சஜிட்டே 2001இல் சரிந்த பிறகும் பன்னிரண்டு முறை மீண்டும் எழுந்தது. அடுத்த கடிதத்தில் வரைபடம் மட்டும் போதாது, திருத்தாத எண்களையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்