நாட்டுத் துப்பாக்கி ஒப்படைப்பு பலன் தருமா?

கேள்வி: கல்வராயன் மலையில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அறிவுறுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் கிடைத்த பலன் இங்கும் கிடைக்குமா?
- வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, 1996-இல் ஆஸ்திரேலியா, ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் நீள்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்து, ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகளை இழப்பீடு கொடுத்துத் திரும்பப் பெற்றது. அதன்பின் துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன. எனினும், அவை முன்பிருந்தே குறைந்து வந்தமையால், அச்சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் வேறுபடுகின்றனர்.

கல்வராயனின் நிலை வேறு. குழாயின் வாய்வழியே கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் இட்டு, கோலால் கெட்டித்து, ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பிச் சுட வேண்டிய நாட்டுத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்னும் உறுதிமொழி அச்சத்தைப் போக்கும். ஆனால், எளிய பட்டறையிலும் செய்யத்தக்க கருவி என்பதால், தேவை நீங்காதவரை ஒன்று போன இடத்தில் மற்றொன்று முளைக்கும். அத்தேவைகளுள் வேட்டையோடு, மரவள்ளிக் காட்டைக் கிளறும் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பதும் ஒன்றாகும். ஆகவே, வனத்துறை பயிர்ச்சேத இழப்பீட்டைத் தாமதமின்றி வழங்குவதும், கள்ளத்தனமான தயாரிப்பைக் காவல்துறை முடக்குவதும் சேர்ந்து நிகழ்ந்தால்தான் ஒப்படைப்பு நிலைத்த பலன் தரும். அதுவரையிலும், வீட்டுச் சண்டையிலோ தவறுதலாலோ பறிபோகக்கூடிய ஓர் உயிரைக் காக்கும் என்பதால், ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் வரவேற்கத்தக்கதே.