கலையும் கல்லூரியும்

நுழையும்முன்

சித்திரம் எழுதுதல் பழக்கத்தால் வருவது; நட்பும் ஈகையும் பிறப்போடு வருவன. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இவ்வாறு பகுத்துரைக்கிறது. ஆயினும், 'கலைஞர் பிறக்கிறார். உருவாக்கப்படுவதில்லை' என்போர் இன்றும் உளர். கலையைக் கல்லூரி வகுப்பில் கற்பிக்க இயலுமா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பாடம்

சொர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் ஸ்ரீகாளஹஸ்தி. கண்ணப்பர் வழிபட்ட திருக்காளத்தி எனத் தமிழர் அறிந்த தலம் இதுவே. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இங்கு வளர்ந்த துணி ஓவியக் கலை கலம்காரி எனப்படும். 'கலம்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு எழுதுகோல் என்பது பொருள்.

கலம்காரி ஓவியர், பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். சுட்ட புளியங்குச்சியின் கரியால் முதல் வரைவை இடுவர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்துக் கறுப்பு மை செய்வர். நுனியில் கம்பளி அல்லது துணி சுற்றிய மூங்கிற்கோலை அம்மையில் தோய்த்து, விரலால் மெல்ல அழுத்திக் கோடு இழுப்பர். துணியில் ஏறிய கடுக்காயின் துவர்ப்பும் மையிலுள்ள இரும்பும் சேர்ந்ததும் கோடு கறுத்து நிலைபெறும். படிகாரம் இட்ட இடங்களில் செந்நிறம் பற்றும். பின்னர்த் துணியை ஓடும் நீரில் அலசுவர்.

இம்முறைகளை ஏட்டில் எழுதிவிடலாம். மாணவர் மனப்பாடமும் செய்யலாம். ஆனால், விரல் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஏடு சொல்லாது. மிகுதியாக அழுத்தினால் மை சொட்டும். குறைவாக அழுத்தினால் கோடு அறுபடும். ஆசிரியரின் கையைப் பார்த்தும், தன் கை தவறும்போது திருத்தம் பெற்றுமே மாணவர் அதனை அறிகிறார். பயிற்சிக்கூடத்தின் முதற்பயன் இதுவாகும்.

முற்காலத்தில் இவ்வறிவு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆதரவு குன்றிக் கலம்காரி மறையும் நிலையை அடைந்தது. வாங்குவார் இல்லாத கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பெற்றோர் தயங்குவது இயல்பன்றோ? அந்நிலையில், கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையிலான அகில இந்தியக் கைவினை வாரியம், 1950களின் பிற்பகுதியில் ஸ்ரீகாளஹஸ்தியில் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. மூத்த கலைஞர் சிலர் ஆசிரியராயினர். குடும்பத்தோடு முடியவிருந்த கலை, வகுப்பறையால் வாழ்வு பெற்றது. இன்று பெண்கள் பலர் இக்கலையில் ஈடுபட்டுள்ளனர். ஆகவே, கலையைக் கற்பிக்கவே முடியாது என்னும் கூற்றை இவ்வூரின் வரலாறு ஏற்கவில்லை.

திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பக் கட்டடக்கலைப் பயிலகமும் இதற்குச் சான்றாகும். கோயிற் கட்டடக்கலை, கற்சிற்பம், சுதைச் சிற்பம், உலோகச் சிற்பம், மரச் சிற்பம், ஓவியம் ஆகியன அங்குப் பாடங்களாகும். சிற்ப மரபில் தாளம் என்பது ஓர் அளவு. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு முழு உருவத்தின் உயரத்தையும் கணக்கிடுவர். அளவு தெரிந்தால் உருவம் பிழையின்றி அமையும். ஆனால், அளவு தவறாத உருவங்கள் அனைத்தும் காண்போர் உள்ளத்தைத் தொடுவதில்லை.

கல்லூரியின் எல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் வரைந்ததையே மீண்டும் மீண்டும் வரைந்து தேர்ச்சி பெறும் மாணவர், சான்றிதழ் பெற்றபின் எதை வரைவது என்று அறியாமல் நிற்கக்கூடும். கைத்திறனைப் பிறர் தரலாம். எதைக் காண வேண்டும், ஏன் வரைய வேண்டும் என்பவற்றைத் தாமே தேட வேண்டும். சென்னையில் 1850இல் தொடங்கப்பட்ட ஓவியப் பள்ளியில் பயின்று, பின்னர் அதன் முதல்வராகவும் விளங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் இளங்கலைஞர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். கல்லூரிக்குப் பின்னும் கலைஞர்க்குத் துணையும் உழைப்பும் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

ஸ்ரீகாளஹஸ்தி ஓவியர் ஜொன்னலகட்ட குருப்ப செட்டி, தம் தந்தை லட்சுமையாவிடம் கலம்காரி கற்றார்; தாம் கற்றதைப் பிறருக்கும் கற்பித்தார். 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வீடானாலும் கல்லூரியானாலும், கற்பவர் அருகில் கற்றறிந்த ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதே பொதுவான உண்மை.

ஆகவே, கலையின் மொழியைக் கல்லூரி கற்பிக்கும். அம்மொழியில் சொல்ல வேண்டியதை மாணவரே கண்டடைய வேண்டும். மொழி அறியாதவர்க்குச் சொல்ல வேண்டியது இருந்தும் பயனில்லை. மொழி மட்டும் அறிந்தவரோ பிறர் சொன்னதையே திரும்பச் சொல்வர்.

சொற்பொருள்

ஈகை – கொடை
குன்றி – குறைந்து
சுதை – சுண்ணாம்புச் சாந்து
கூற்று – சொல்லப்பட்ட கருத்து

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: மூங்கிற்கோல், கற்சிற்பம், கைத்திறன்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக:
1. துணியை எருமைப்பால் கலந்த நீரில் தோய்ப்பது ஏன்?
2. சிற்ப மரபில் தாளம் என்பது யாது?

இ. விரிவான விடை தருக:
கல்லூரி கற்பிக்கக் கூடியனவும் கற்பிக்க இயலாதனவும் எவை? பாடத்தின் வழியே விளக்குக.

ஈ. சிந்தித்து எழுதுக:
நீர் அறிந்த கைத்தொழில் ஒன்றைச் செய்பவரைக் கண்டு, அவர் அதனை யாரிடம், எவ்வாறு கற்றார் எனக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.